பழைய கணினிக்கு எது: டெபியனா, ஓபன்பிஎஸ்டியா?

இன்டெல் கோர் 2 டுவோ செயலி, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்படியொரு பழைய வொர்க்ஸ்டேஷனைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்காக எழுதுகிறேன். டெபியன் (லினக்ஸ் வகை), ஓபன்பிஎஸ்டி (யூனிக்ஸ் வழிவந்தது) இரண்டும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளங்கள். இரண்டுமே இலவசம், அதனால் விலைப் பேச்சு வேண்டாம்.

நிறுவுவது
டெபியன்: தமிழிலேயே கேள்வி கேட்கும். 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்கான ஃபர்ம்வேரும் (சிப்பை இயக்கும் மென்பொருள்) கூடவே வருகிறது.
ஓபன்பிஎஸ்டி: கறுப்புத் திரையில் சில கேள்விகள், அவ்வளவுதான். பல வைஃபை சிப்களுக்கு ஃபர்ம்வேரைப் பிறகுதான் இறக்க வேண்டும். ஈதர்நெட் கேபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு
டெபியன்: ஒரு பதிப்பு போட்டால் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள்.
ஓபன்பிஎஸ்டி: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு ஆதரவு. மேம்படுத்த சிஸ்அப்கிரேட் என்ற ஒரே கட்டளை போதும்.

வேகம்
இங்கேதான் கவனம் தேவை. ஓபன்பிஎஸ்டி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும், தாக்குபவர்கள் ஊகிக்க முடியாதபடி கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேறு வரிசையில் மறுபடி கோத்து வைக்கும். அருமையான யோசனை. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் அதற்காகப் பின்னணியில் சிறிது நேரம் கரகரவென்று ஓடும். எஸ்எஸ்டி மாற்றினால் இந்தத் தொல்லை தெரியாது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு என்றால் ஓபன்பிஎஸ்டியில் வரைகலை முடுக்கம் (கார்டின் உதவியால் படங்களை வேகமாகக் காட்டுவது) கிடையாது. டெபியனில் அதற்கு நூவோ என்ற டிரைவர் உண்டு.

இணையம், காணொளி, வீட்டார் எல்லோருக்கும் பொதுக் கணினி என்றால் டெபியன். ஃபயர்வால், சிறு சர்வர், யூனிக்ஸ் கற்க என்றால் ஓபன்பிஎஸ்டி. அதன் மேன் பக்கங்களே (கூடவே வரும் கையேடு) நல்ல ஆசிரியர். 32 பிட் செயலி என்றாலும் ஓபன்பிஎஸ்டிதான். டெபியன் 13இல் அதற்கு நிறுவியே (நிறுவும் மென்பொருள்) இல்லை.