ஐப்பசி மழையில் 18 நாள்: செவலைக் குட்டியை விட்டுச்சென்ற லாயம்

மகளின் பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் புனேயில் 18 நாள் தங்க வேண்டியிருந்தபோது, எங்கள் 14 மாதச் செவலைக் குதிரைக்குட்டியை யாரிடம் விடுவது என்று தெரியாமல் திண்டாடினோம். தஞ்சை மாவட்டத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டால் தெருவுக்கு நான்கு பேர் வருவார்கள். குதிரை என்றதும் 'உதைக்குமே' என்று நகர்ந்துவிடுவார்கள். கடைசியில், பாபநாசத்துக்கு மேற்கே குடமுருட்டிக் கரையோரம், தம் வீட்டுக் கொல்லையில் நான்கு குதிரைகள் வரை வைத்துப் பராமரிக்கும் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். அவர் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளவில்லை, கூட்டம் சேர்வதையும் விரும்புவதில்லை என்பதால் பெயரை நானும் எழுதவில்லை.

குட்டியை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே சென்று இடத்தைப் பார்த்தேன். களிமண் பூமியில் மழைக்காலத்தில் குதிரையை நிறுத்துவதில் உள்ள முதல் சிக்கல் தரைதான். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுத்துவிடும். இவர் கொட்டகைத் தரையை ஒரு முழம் உயர்த்தி, செங்கல் பரப்பி, மேலே ஆற்று மணல் கொட்டியிருந்தார். சிறுநீர் ஓடுவதற்கு வாய்க்காலும் இருந்தது. எங்கள் குட்டி தனியாக நின்று பழகாதது என்று சொன்னதும், காயடித்த வயதான குதிரை ஒன்றின் பக்கத்துக் கட்டுத்தறியை அதற்கென ஒதுக்கினார். பெட்டைக் குதிரையின் அருகில் கட்டாதீர்கள் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே இதை அவர் செய்தது எனக்கு நம்பிக்கை அளித்தது. பிறகு குட்டியை விட வந்த அன்று, நெற்றி, கழுத்து, விலா என ஒவ்வோர் இடமாக விரலை வைத்துச் சுழி பார்த்தார். அந்தச் சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாலும், அவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்ததில் முன்னங்காலில் இருந்த பழைய காயத்தின் தழும்பை அவரே கண்டுபிடித்துக் கேட்டார்.

தீவனத்தை எழுதியே கொடுத்தேன். குட்டியின் எடை ஏறக்குறைய 160 கிலோ. நாளொன்றுக்கு 15 கிலோ பச்சைப்புல், முதல்நாள் இரவே ஊறவைத்த கொள்ளு ஒரு கிலோ, தாது உப்புக் கலவை ஒரு கைப்பிடி, எந்நேரமும் தொட்டியில் நல்ல தண்ணீர். தவிட்டை மட்டும் அள்ளிப் போடக் கூடாது. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பதால் வளரும் எலும்புக்கு ஆகாது. கலப்புத் தீவனம் வாங்குவதென்றால் மாட்டுக்கோ கோழிக்கோ செய்ததை வாங்கவே கூடாது. அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். வரப்புப் புல்லை அறுக்கும் முன், அந்த வயலில் மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று வயல்காரரை அவர் கேட்டுவிட்டே அறுத்தார் என்பதைப் பின்னர் பக்கத்து வயல்காரர் வாயாலேயே கேட்டேன்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. மாலைதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார், தவறாமல் அனுப்பினார். பதினோராம் நாள் வந்த படத்தின் மூலையில் வைக்கோல் தெரிந்தது. உடனே அழைத்தேன். "மூணு நாளா விடாத மழைண்ணே, புல்லறுக்க எறங்க முடியல. மாடு திங்கிறதுதானேண்ணே" என்றார். அவர் மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காமல் மாற்றிவிட்டார் என்பதும் உண்மை. மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது; குதிரைக்கு இல்லை. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. முரட்டு வைக்கோல் குடலில் கட்டிக்கொண்டால் சூலை என்னும் கடும் வயிற்றுவலி கண்டு, புரண்டு புரண்டு உயிரை விட்டுவிடும். எந்தத் தீவன மாற்றத்தையும் ஒரு வாரம், பத்து நாள் என்று மெல்லத்தான் செய்ய வேண்டும். அன்றிரவே என் மைத்துனர் மேட்டுத் தோப்பிலிருந்து இரண்டு கட்டு அருகம்புல் கொண்டுபோய்ப் போட்டார். மறுநாள் காலையில் படத்துக்குப் பதிலாகச் சாணத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். உருண்டை உருண்டையாக, ஈரத்தோடு இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏழு தலைமுறையாக மாடு வளர்த்த ஊரில் குதிரைக்கும் மாட்டுக் கணக்கே நடக்கிறது; மற்றவற்றில் கெட்டிக்காரரான இவரும் அதிலிருந்து முழுதாக விடுபடவில்லை.

மருத்துவ ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டதற்கான சீட்டு இல்லாமல் எந்தக் குதிரையையும் அவர் ஏற்பதில்லை. தினமும் காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறார், வழக்கமான 37.5 முதல் 38.5 டிகிரிக்குள்தான் எல்லா நாளும் இருந்தது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் எண்ணையும், நடமாடும் ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்.

கட்டணம் தீவனத்துடன் நாளுக்கு 350 ரூபாய். திரும்ப அழைத்துவரக் குட்டியானை வண்டியைக் கொண்டுபோனோம்; குதிரைக்குட்டி அதில் ஏற மறுத்து, கிழக் குதிரையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றது. விலா எலும்பு சற்றுத் துருத்தியிருந்தது. குளம்பு சுத்தமாக இருந்தது.

மீண்டும் அங்கேயே விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் விடுவதானால் உலர்ந்த புல்லைக் கட்டுக் கட்டாக நானே கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன். தை மாதம் இடம் வேண்டுவோர் மார்கழி பிறந்ததுமே சொல்லி வைக்க வேண்டும். காணும் பொங்கலன்று திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கம் ரேக்ளா ஓடும் குதிரைகள் பயிற்சிக்காக வந்து நின்றுவிட்டால், நான்கு கட்டுத்தறியும் நிறைந்துவிடும்.