யேல் உணவு அடிமை அளவுகோல் 2.0: எதற்கு உதவும், எதற்கு உதவாது

உணவுக்கு ஒருவர் அடிமையாக முடியுமா என்று வாதாடும் இரு தரப்பும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தக் கேள்வித்தாளிடம்தான். ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கார்பின், கெல்லி பிரௌனெல் மூவரும் 2009-இல் 25 கேள்விகளுடன் இதை வெளியிட்டார்கள். 2013-இல் டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிடும் மனநோய்க் கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு) வந்தபின் அதற்கேற்பத் திருத்தி, 2016-இல் 35 கேள்விகளுடன் 2.0-ஐக் கொண்டுவந்தார்கள். தாளும் மதிப்பெண் விதிகளும் இலவசம். பதில் எழுதுவது எளிது. மதிப்பெண் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கடந்த 12 மாதங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' (0) முதல் 'தினமும்' (7) வரை எட்டு விடைகள். இந்த எண்களைக் கூட்டி மொத்தம் பார்ப்பது தவறு. ஒவ்வொரு கேள்விக்கும் தனி வரம்பு உண்டு: சிலவற்றுக்கு மாதம் ஒருமுறை போதும்; 'திட்டமிட்டதைவிட அதிகம் சாப்பிட்டேன்' என்ற முதல் கேள்விக்கோ வாரம் 4 முதல் 6 முறையாவது நடந்திருக்க வேண்டும். வரம்பைத் தொட்டால் 1, இல்லாவிட்டால் 0. அடுத்து, 33 கேள்விகளை 11 அறிகுறிகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் அறிகுறிக்குரிய கேள்விகளில் ஏதாவது ஒன்று 1 ஆனாலே அந்த அறிகுறி உண்டு என்று கணக்கு. எஞ்சிய இரண்டு, 16-உம் 17-உம், மன வேதனையையும் அன்றாட வாழ்க்கைப் பாதிப்பையும் கேட்பவை. இவை அறிகுறிக் கணக்கில் சேராது. ஆனால் இரண்டில் ஒன்றாவது வரம்பைத் தொடாவிட்டால், எட்டு அறிகுறி இருந்தாலும் 'அடிமை' என்ற முடிவு வராது. தொட்டிருந்தால் 2–3 அறிகுறி லேசானது, 4–5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது.

இந்த வடிவமைப்பில் ஒரு சாய்வு இருக்கிறது. நிறுத்தினால் வரும் அவதிக்கு மட்டும் ஐந்து கேள்விகள். சாப்பிடச் சாப்பிட அளவு போதாமல் போவதற்கு இரண்டே. ஐந்து வாசல் உள்ள அறிகுறிக்குள் நுழைவது சுலபம்தானே. காலைக் காப்பியை விட்டதால் வரும் தலைவலியை இங்கே எழுதிவிட்டால் கணக்கே புரண்டுவிடும். பட்டினி கிடந்ததால் வந்த எரிச்சலும் அப்படித்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். தாளின் தொடக்கத்தில் வரும் உதாரணப் பட்டியலில் ஐஸ்கிரீம், சிப்ஸ், பீட்ஸா, குளிர்பானங்களோடு மாவுப்பொருள் வரிசையில் சோறும் இருக்கிறது. தினம் இருவேளை சோறு உண்பவர் அதை மனதில் வைத்துப் பதில் சொன்னால் பழக்கமும் பிரச்சினையும் ஒன்றாகக் குழம்பும். எந்த உணவை நினைத்துப் பதில் சொல்கிறோம் என்பதைக் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. எண்ணைவிட அந்தக் குறிப்பு அதிகம் சொல்லும்.

இனி பெரிய கேள்வி. போதைப்பொருளுக்கான அளவுகோலில் பொருளின் பெயரை எடுத்துவிட்டு 'சில உணவுகள்' என்று போட்டால், வரும் விடை உணவு போதைப்பொருள் என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது. அது நடத்தையை அளக்கிறது, காரணத்தை அல்ல. இதனால்தான் ஹெபெபிராண்ட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2014-இல் 'உணவு அடிமை' அல்ல, 'உண்ணும் அடிமை' என்று சொல்லலாம் என்றார்கள். எலிகள் சர்க்கரைக்கு அடிமையாகின்றன என்று சொல்லப் பலர் காட்டும் ஆய்விலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டுவிட்டுத்தான் சர்க்கரைநீர் வைத்தார்கள். மறுபக்கமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. புகையிலை பற்றிய 1988 அமெரிக்க அரசு அறிக்கையின் அளவுகோல்களையே எடுத்து, மிகைப்பதப்படுத்திய உணவுகள் (சிப்ஸ், குளிர்பானம் போன்ற ஆலைத் தயாரிப்புகள்) அவற்றுக்குப் பொருந்துகின்றன என்று கியர்ஹார்ட்டும் டிஃபெலிசியன்டோனியோவும் 2022-இல் வாதிட்டார்கள். ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலின் 2019 ஆய்வில் 20 பேர் அத்தகைய உணவு கிடைத்த இரு வாரங்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதே ஹால் குழு பின்னர் 50 பேருக்கு மில்க்ஷேக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு டோபமைன் (போதைப்பொருள்கள் மூளையில் தூண்டிவிடும் வேதிப்பொருள்) எழுச்சி தென்படவில்லை. கூடுதலாகச் சாப்பிட வைப்பதும் அடிமையாக்குவதும் ஒன்றா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. இந்தத் தாள் அதைத் தீர்க்காது. டி.எஸ்.எம்-5 சூதாட்டத்தை அடிமைப் பட்டியலில் சேர்த்தது, உணவைச் சேர்க்கவில்லை.

ஆனாலும் தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டுப்பாடில்லாமல் பெருமளவு தின்னும் கோளாறு உள்ள 81 பேரிடம் பழைய பதிப்பைக் கொடுத்த 2012 ஆய்வில் 57 சதவீதம் பேர் வரம்பைத் தாண்டினார்கள். எங்கோ வலிக்கிறது என்பதை இது நன்றாகவே காட்டும். கடுமையான பத்தியத்தில் இருப்பவர்கள் தாங்களாக நிரப்பி முடிவெடுக்க வேண்டாம். விலக்கி விலக்கி வைப்பதே ஏக்கத்தைக் கிளப்பும், அது 'அடிமை'யாகப் பதிவாகும். முடிவைப் பார்த்துப் பயந்து இன்னும் இறுக்கினால் நிலைமை மோசமாகும். தின்றபின் வாந்தியெடுக்கும் பழக்கம் இருந்தால் மதிப்பெண் எதுவானாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நேரமில்லாதவர்களுக்கு 2017-இல் வந்த 13 கேள்விச் சுருக்கம் இருக்கிறது: அறிகுறிக்கு ஒன்றாக 11, வேதனைக்கும் பாதிப்புக்கும் 2. கூட்டத்தில் பலரிடம் கேட்க அது போதும். தனி ஒருவருக்கு 35-ஐயே கொடுங்கள். சுருக்கத்தில் ஒரு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலே ஓர் அறிகுறி கூடிவிடும், அல்லது காணாமல் போகும்.