பலகையில் நின்றான், பாலத்தில் தவழ்ந்தான்: வீ பேலன்ஸ் போர்டுடன் நான்கு வருடம்

2021 கடைசியில் என் கடைக்கு நிண்டெண்டோ வீ என்ற ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும், ஏறி நின்று ஆடும் அதன் பேலன்ஸ் போர்டு பலகையும் வந்தன. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் ஹேண்ட்ஃபோன் பழுது பார்ப்பவன். வேறு நேரமாக இருந்தால் 150 வெள்ளிக்குத் தள்ளிவிட்டிருப்பேன். அக்கா மகனுக்காக வைத்துக்கொண்டேன்.

அவனுக்கு அப்போது ஏழு வயது. சமதரையிலேயே விழுவான். சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம். தோட்டத்தில் எல்லாரும் கவனமில்லாத பையன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஈப்போவில் காட்டிய பிறகுதான் அதற்கு டிசிடி (Developmental Coordination Disorder) என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. நினைத்த அசைவைக் கைகால் ஒழுங்காகச் செய்ய வராத வளர்ச்சிக் குறைபாடு. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. அப்படியென்றால் என் வகுப்பிலும் ஒருவன் இருந்திருப்பான். 'மந்தி' என்று கூப்பிட்டோமே, அவனாகத்தான் இருக்கும்.

போர்டைப் பிரித்துப் பார்த்தேன், தொழில் புத்தி. நான்கு மூலையிலும் எடை பார்க்கும் சென்சர் ஒவ்வொன்று, அவ்வளவுதான். நான்கும் காட்டும் வித்தியாசத்தை வைத்து, உடம்பின் பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். தராசுதான். ஆனால் முதல் நாள் ஏறி நின்று, "மாமா, நான் நேராத்தானே நிக்கிறேன்?" என்றான். புள்ளி வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நாங்கள் "நேரா நில்லுடா" என்று ஆயிரம் தடவை கத்தியும் புரியாதது அந்தப் புள்ளியைப் பார்த்ததும் புரிந்தது.

போர்டுக்கென்றே வந்த வீ ஃபிட் விளையாட்டுத் தொகுப்பில் அவனுக்குப் பிடித்தது டேபிள் டில்ட். உடம்பைச் சாய்த்தால் திரையில் மேசை சாயும், உருண்டைகள் குழியில் விழ வேண்டும். வாரம் நான்கு நாள், இருபது நிமிடம். வெறும் சிமெண்டுத் தரையில்தான் வைக்க வேண்டும். அக்கா பாசத்தோடு விரித்த மெத்தைப் பாயை எடுக்கச் சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. ஒருமுறை, ரிமோட் எங்கே காட்டுகிறது என்று தெரிவதற்காக டிவிக்கு மேலே வைக்கும் சென்சர் பாரின் வயரை எலி கடித்துவிட்டது. அதில் இருப்பது வெறும் அகச்சிவப்பு விளக்குகள், மெழுகுவர்த்திச் சுடரிலும் அந்த ஒளி உண்டு, அதனால் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். (பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்யாதீர்கள்.)

ஆறு மாதத்தில் என்னைவிட அதிக ஸ்கோர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரம் வீட்டுக்கு எதிரே இருக்கும் லோங்காங்கை (சாக்கடைக் கால்வாயை) அதன் மேல் போட்ட பலகையில் தாண்டச் சொன்னால், பழையபடி உட்கார்ந்து தவழ்ந்து போனான்.

அவனுக்கு ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழி சிகிச்சை) பார்க்கும் மலாய்க்கார அம்மாவிடம் புலம்பினேன். விளையாட்டில் தேறியிருக்கிறான், விளையாட்டில் மட்டும் என்று சிரித்தார். 2019-இல் வந்த பன்னாட்டு டிசிடி வழிகாட்டுதலும் அதையொட்டித்தான் சொல்கிறது: உடம்பை அசைத்து ஆடும் கணினி விளையாட்டைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைக்கு எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக்க வேண்டும்.

சரி என்று அதே அகலத்தில் ஒரு பலகையை வாசலில் போட்டேன். முதலில் தரையில், அப்புறம் இரு முனையிலும் ஒவ்வொரு செங்கல், அப்புறம் இரண்டு. அவன் தடுமாறும்போது நான் சொன்னது ஒன்றே ஒன்று: "புள்ளிய நடுவுல வை." உடனே இடுப்பைத் திருத்திக்கொள்வான். இரண்டு மாதம் கழித்து லோங்காங்கைத் தாண்டினான். என் கையைப் பிடித்துக்கொண்டுதான், ஆனால் நடந்தே. பத்து வயதில் செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் சைக்கிளும் வந்துவிட்டது. அதற்கும் விழுந்து விழுந்துதான் பழகினான், 'புள்ளி' என்ற வார்த்தை மட்டும் கூடவே வந்தது.

பொத்தானுக்கு இந்தப் போர்டு எந்த உதவியும் செய்யவில்லை. அது அக்கா தினமும் காலையில் பள்ளிச் சட்டையோடு மல்லுக்கட்டி வாங்கிய வெற்றி. இன்னொரு குறை, இவன் தங்கை விளையாட வந்த முதல் வாரமே இவன் ஸ்கோரைத் தாண்டிவிட்டாள். அதன்பின் இவன் மூன்று மாதம் போர்டு பக்கமே போகவில்லை. இப்போது தனித்தனி நாளில் விடுகிறோம், ஒருவர் ஸ்கோரை மற்றவரிடம் சொல்வதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். தகட்டில் பச்சை பூத்திருந்தால் வினிகரில் துடைத்தால் போகும், ஆனால் அதைக் காட்டி 20 வெள்ளி குறைத்துக் கேளுங்கள்.