சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2: 'ஆஃப்லைன் அக்கவுன்ட்' வாங்காதீர்கள்

நேற்று என் சித்தப்பா பையன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். "சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, ஆஃப்லைன் அக்கவுன்ட், 500 ரூபாய், லைஃப்டைம் வாரன்டி. வாங்கலாமா அண்ணா?" இது நகரம் கட்டும் கணினி கேம். ஆஃப்லைன் அக்கவுன்ட் என்றால், கேமை ஏற்கெனவே வாங்கிய வேறொருவரின் அக்கவுன்டில் நுழைந்து, இணைய இணைப்பில்லாமல் ஆடுவது. உடனே போன் போட்டு வேண்டவே வேண்டாம் என்றேன். 2023 தீபாவளிக்கு அடுத்த வாரம் இதே மாதிரி ஓர் ஆளிடம் 700 ரூபாயை இழந்தவன் நான்.

2015இல் வந்த முதல் பாகம் எனக்கு உயிர். ராத்திரி இரண்டு மணி வரை ரவுண்டானாவை இடித்துக் கட்டி, பஸ் ரூட்டை மாற்றி, ஒரு சிக்னலில் தேங்கிய லாரி வரிசை கரைவதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அந்தப் பெயரை நம்பித்தான் இரண்டாம் பாகத்துக்குப் போனேன். "என்கிட்ட ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டுதான் இருக்கு, ஓடுமா?" என்று கேட்டதற்கு, "பக்காவா ஓடும் ப்ரோ. பிடிக்கலன்னா ரெண்டு மணி நேரத்துல ரிட்டர்ன், ஸ்டீம் ரூல்தான்" என்றார் விற்றவர். ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடை.

பணம் போன பத்தாவது நிமிடம், யாரோ ஒருவருடைய ஐடியும் பாஸ்வேர்டும் வாட்ஸ்அப்பில் வந்தன. டவுன்லோடு முடிந்ததும் ஆஃப்லைனுக்குப் போய்விட வேண்டும், திரும்ப ஆன்லைன் வரவே கூடாது என்று நிபந்தனை.

சின்ன ஊராக இருந்தவரை ஓடியது. மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொட்டதும் கேமராவைத் திருப்பினாலே திக்கித் திக்கி நகர்ந்தது. எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று தயாரிப்பாளர்களே வெளியீட்டுக்கு முன் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பரிந்துரைத்த கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. என் கார்டு குறைந்தபட்சத் தேவையை ஒட்டித்தான் இருந்தது.

கேமில் நல்லது இல்லாமல் இல்லை. சாலை போடும் கருவிகள் முதல் பாகத்தைவிடப் பல மடங்கு மேல், வரைபடமும் பெரிது. ஆனால் என் நகராட்சி நஷ்டத்தில் ஓடினாலும் அரசு மானியம் வந்து தாங்கிப் பிடித்துவிடும். தப்பு செய்தால் ஊர் திவாலாகும் என்ற பயம்தானே முதல் பாகத்தில் நம்மை உட்கார வைத்தது! அப்போது சைக்கிளும் கிடையாது. முதல் பாகத்துக்கு உயிர் கொடுத்த மாட்களுக்கு (ஆடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் வசதிகள்) 2024 மார்ச் வரை அதிகாரபூர்வ வழி வரவில்லை. வெளியான நிலையில் இது முதல் பாகத்துக்கு ஈடே இல்லை.

ரிட்டர்ன் கேட்டேன். "ஆக்டிவேட் பண்ணிட்டீங்களே ப்ரோ" என்று ஒரு பதில். அத்தோடு பிளாக். ஒன்பதாம் நாள் பாஸ்வேர்டும் மாறிவிட்டது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அது உங்கள் சொந்த அக்கவுன்டில், ஸ்டீமிலேயே வாங்கினால்தான். அடுத்தவர் அக்கவுன்டில் வாங்கியவர் நீங்கள் இல்லை. அப்புறம், ஆஃப்லைனில் அப்டேட் வராது. இந்த கேமுக்கு உயிர்நாடியே அப்டேட்தான். அந்த மானியத்தைக்கூட 2024 ஜூன் அப்டேட்டில்தான் எடுத்தார்கள். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

தம்பியிடம் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து சொந்த அக்கவுன்டில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் வரம்பில்லாப் பணம், எல்லாவற்றையும் திறந்துவிடும் வசதி இரண்டையும் போட்டு, முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊரை முடிந்தவரை பெரிதாக்கிப் பார்க்கட்டும். திக்கினால் அன்றைக்கே திருப்பிவிடலாம்.