ஆக்ஸ், டேப் கீ, என்விடிஏ: எதை எதற்கு ஓட்டுவது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் மொத்த ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கலர் கட்டங்கள், சைஸ் வாரியாக எண்ணிக்கை, கீழே மொத்தத் தொகை. பார்வையில்லாத ஒரு வியாபாரி இதில் ஆர்டர் போட முடியுமா என்று சோதிக்க வேண்டும், அதுவும் ரிலீஸைத் தள்ளிப்போடாமல்.

முதலில் எல்லோரும் ஓட்டுவது ஆக்ஸ் (axe), பார்வையில்லாதவர் போன்றோருக்குத் தடையாகும் பிழைகளைப் பக்கத்தில் தானாகத் தேடும் கருவி. குரோமில் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இந்தப் பிழைகளைத் தேட ஓட்டுவதும் அதே எஞ்சின்தான். இரண்டையும் ஓட்டிவிட்டு இரட்டைச் சோதனை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. வேவ் (WAVE) என்ற இன்னொரு கருவி தனி ரகம். பிழையைப் பக்கத்தின் மேலேயே காட்டுவதால் கிளையண்டுக்கு விளக்க வசதி, தினசரி வேலைக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

ஆக்ஸை முழுப் பக்கத்தில் ஓட்டுவதைவிட ஸ்டோரிபுக்கில் (பக்கத்தின் காம்பொனென்ட்களை, அதாவது உறுப்புகளை, தனித்தனியாகக் காட்டும் கருவி) ஒவ்வொரு காம்பொனென்டாக ஓட்டுவது மேல். மூடிக் கிடக்கும் டிராப்டவுனுக்குள் இருப்பதை ஆக்ஸ் பார்க்காது. திறந்த நிலை, பிழை காட்டும் நிலை என்று தனித்தனி ஸ்டோரி இருந்தால்தான் மாட்டும். ஆக்ஸைக் கோட் டெஸ்ட்டுக்குள்ளேயே ஓட்டும் ஜெஸ்ட்-ஆக்ஸ் வேகம்தான், ஆனால் அங்கே பிரவுசருக்குப் பதிலாக நிற்கும் ஜேஎஸ்டாம் எதையும் திரையில் வரைவதில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் எழுத்து 4.5:1 என்ற குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் அளவைத் தொடாவிட்டாலும் சத்தமில்லாமல் பாஸ் ஆகிவிடும். நிறத்துக்கு நிஜ பிரவுசர்தான் வேண்டும்.

சரி, ஆக்ஸ் பச்சை காட்டிவிட்டது. இப்போது மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் கீயைத் தட்டுங்கள். கலர் கட்டங்கள் வெறும் டிவ்களாக (பட்டன் அல்லாத வெற்று HTML பெட்டிகள்), ஆன்கிளிக் (கிளிக் செய்தால் ஓடும் கோட்) மட்டும் மாட்டியிருந்தால் ஃபோகஸ் (கீபோர்டு நிற்கும் இடம்) அவற்றைத் தாண்டி நேராக எண்ணிக்கைக்குப் போய்விடும். ஆக்ஸ் இதைக் கண்டுகொள்ளாது. டேப் கீ அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். செலவழிக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

அப்படியானால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) எதற்கு? டிவ்களைப் பட்டன்களாக மாற்றி, 'கலர் 7' என்று லேபிள் வைத்தாயிற்று. ஆக்ஸ் பாஸ், டேப் பாஸ். ஆனால் ஏழாவது கலர் மெரூனா நேவியா என்று காதால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கையை 12-இலிருந்து 24 ஆக்கினால் தொகை திரையில் மாறுகிறது, என்விடிஏ வாய் திறப்பதில்லை; லைவ் ரீஜன் (மாறுவதை உடனே வாசிக்கச் சொல்லும் குறி) வைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிகிறது. என்விடிஏ இலவச மென்பொருள்தான். ஸ்பீச் வியூவரைத் திறந்துவைத்தால் அது பேசுவதெல்லாம் எழுத்தாகவும் வரும், ஹெட்ஃபோன்கூட வேண்டாம். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் நிலை மாறுகிற காம்பொனென்ட்களுக்கு மட்டும் ஓட்டினால் போதும். தலைப்பு, அடிக்குறிப்புக்கெல்லாம் வீண்.

ஆர்டர் பெரும்பாலும் போனிலிருந்து வருகிறதென்றால் அதே சோதனையை ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசிக்கும் டாக்பேக்கில் செய்யுங்கள்.