ஹலசூரு மாடி ஜிம்: ஏழு மாதம் போய் வந்தவளின் கணக்கு

பெங்களூரு ஹலசூரு ஏரியிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டதால் தெருவில் எல்லோருக்கும் அது மாடி ஜிம்தான். எனக்கு வயது 48, சேர்ந்தபோது எடை 71 கிலோ, மாடிப்படி ஏறினால் முட்டியில் கடக் என்று சத்தம்.

இதற்கு முன் ஏசி போட்ட பெரிய ஜிம் ஒன்றில் ஒரு வருடப் பணத்தைக் கட்டி ஏமாந்தவள் நான். அங்கே முதல் நாளே ஒரு மெஷின் மேல் வெறுங்காலோடு ஏற்றினார்கள், காகிதம் வந்தது, உங்கள் உடலின் வயது 59 என்றது. வயிற்றைக் கலக்கிவிட்டு, அதே காகிதத்தைக் காட்டி 24,000 ரூபாய்க்குத் தனிப் பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த மெஷின் உடம்புக்குள் லேசான மின்சாரம் விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துத்தான் கொழுப்பையும் தசையையும் கணிக்கிறதாம், உடம்பில் தண்ணீர் கூடக் குறைய இருந்தாலே எண் மாறிவிடுமாம். அதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்!

மாடி ஜிம் மாஸ்டர் கோலார் தங்கவயல்காரர், அறுபதைத் தாண்டியவர். எடையெல்லாம் பார்க்கவில்லை. அங்கே வரும் ஒரு அம்மாவைக் கூப்பிட்டு தையல்காரர் டேப்பால் என் இடுப்பை அளக்கச் சொன்னார், 94 சென்டிமீட்டர். "எண்பதைத் தாண்டினாலே நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஆபத்தும்மா, சுகர் வரும்" என்றார். அவ்வளவுதான் கவுன்சலிங். அப்புறம் ஒரு நாற்காலியைப் போட்டு, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். எட்டாவது முறையில் எனக்கு மூச்சு வாங்கியது.

நான் டிரெட்மில்லில் நடந்தால் போதும் என்று நினைத்துப் போனவள். அவர் விடவில்லை. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, மாதவிடாய் நிற்கும் காலத்தில் கொழுப்பு வேறு வயிற்றில் வந்து உட்காருகிறது, இதில் பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் போய்விடும் என்பது அவர் கட்சி. உலக சுகாதார நிறுவனமும் வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை மாதிரியான பயிற்சியோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கத்தான் சொல்கிறது. அதனால் திங்கள், புதன், வெள்ளி டம்பெல்லும் பார்பெல்லும், மற்ற நாளில் ஏரியைச் சுற்றி நடை. 2 கிலோ டம்பெல்லில் ஆரம்பித்தவள் இப்போது தரையிலிருந்து 35 கிலோ தூக்குகிறேன். முட்டிச் சத்தம் இன்னும் வருகிறது, வலிதான் இல்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. காலை நான்கு இட்லி இரண்டானது, கூட இரண்டு முட்டை. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், அதுவும் எல்லா நாளும் இல்லை, மழை பெய்தால் பஜ்ஜிதான்.

குறை நிறைய இருக்கிறது. இரண்டு டிரெட்மில்லில் ஒன்று இரண்டு மாதமாக ஓடவில்லை, கேட்டால் நாளைக்கு ஆள் வருவார் என்கிறார்கள். பாத்ரூம் ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் சரியில்லை. உதவிக்கு இருக்கும் பையன் புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்க வைக்கப் பார்ப்பான், வேண்டாம் என்று ஒருமுறை கறாராகச் சொன்னால் விட்டுவிடுகிறான். அவன் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவதை நிறுத்தி அக்கா என்று மாற்றவே மூன்று வாரம் ஆயிற்று. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோவில் வந்து நடப்பது உத்தமம்.

மாதம் 1,500 ரூபாய், மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை. காலை 10 முதல் 12 வரை பெண்களுக்கு மட்டும்.

இப்போது எடை 67.5. ஏழு மாதத்துக்கு மூன்றரை கிலோதானா என்று சென்னையில் இருக்கும் நாத்தனார் போனில் சிரித்தாள். இடுப்பு 86 ஆகியிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் இருபது லிட்டர் தண்ணீர் கேன் கொண்டுவந்த பையன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். வழக்கமாக என் கணவர் ஆபீசிலிருந்து வரும்வரை அது அங்கேயே கிடக்கும். அன்றைக்கு நானே தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்த்தேன், கொஞ்சம் தரையில் சிந்தியது.