1480 யூரோ போச்சு: பரல் (குழல்) மாத்துற துவக்கு வைச்சிருக்கிறவை ஒருக்கா வாசியுங்கோ

இணையத்தில பாத்து ஒரு கடையிட்ட வாங்கின துவக்குப் பரல் பார்சலில வந்து ஒரு கிழமை ஆகுது, என்ர துவக்குக்குப் பொருந்தேல்லை, இண்டைக்குக் காலமை நான் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கையே கடைக்காரன் ஃபோனை வைச்சிட்டான். 1480 யூரோ. ஜெர்மனியில வேட்டை லைசன்ஸ் எடுத்த எங்கட ஆக்களும் இப்ப அங்கயிங்க இருக்கினம், அவைக்காகத்தான் எழுதுறன். எந்தத் துவக்கு, எந்த ரவை எதுக்குச் சரி எண்டு ஆறுதலா ஒரு பதிவு போடத்தான் இருந்தனான், இப்ப இருக்கிற கொதியில எவ்வளவு வருமோ தெரியாது.

என்னட்ட இருக்கிறது பிளேசர் கம்பனியின்ர ஆர்8 வேட்டைத் துவக்கு, .308 எண்ட ரவைக்கான பரலோட. தெரியாதவைக்குச் சொல்லுறன், இதில கீழயிருந்து ரெண்டு நட்டைக் கழட்டினா பரல் கையோட வந்திடும், வேற பரலைப் போட்டு இறுக்கலாம், ஸ்கோப் (குறி பாக்கிற தொலைநோக்கி) பரலுக்கு மேலயே இருக்கிறபடியா திருப்பிப் போட்டாலும் குறி பெருசா மாறாது. ஒரு துவக்கில ரெண்டு மூண்டு விதமா வேட்டையாடலாம், அலுமாரியில இடமும் மிச்சம். அதுக்காகத்தான் எல்லாரும் இவ்வளவு காசு குடுக்கிறது.

.308 காணாதோ எண்டு கேப்பியள். சட்டத்துக்குத் தாராளமாக் காணும். ரே எண்ட சின்ன மானுக்கு 100 மீட்டரில சன்னத்தின்ர சக்தி 1000 ஜூல், காட்டுப்பண்டி, சிவப்பு மான் மாதிரி மற்றதுகளுக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத சன்னமும் 100 மீட்டரில 2000 ஜூலும் இருக்க வேணும், .308 அதைச் சும்மா தாண்டும். ஆனா நான் போற இடம் சவர்லாண்ட் மலைப்பக்கம், பள்ளத்தாக்குக்கு அங்கால நிக்கிற சிவப்பு மானுக்குக் கொஞ்சம் வேகமான ஒண்டு இருந்தா நல்லம் எண்டு கன நாளா ஒரு எண்ணம். பழைய துவக்குகள் விக்கிற ஒரு இணையச் சந்தையில ஒரு துவக்குக் கடை விளம்பரம் போட்டிருந்தது, ஆர்8க்கு .300 வின் மேக் எண்ட வேகமான ரவைக்கான பரல், பாவிச்சது, நல்ல நிலை, 1480.

ஃபோன் எடுத்தன். வயசான குரல், சரியான மரியாதை. முதல் கேட்டதே விலையைப் பற்றி இல்லை, "எங்க வேட்டைக்குப் போறனீங்கள், என்ன சன்னம் பாவிக்கிறனீங்கள்?" எண்டுதான். ஈயம் இல்லாத செப்புச் சன்னம் எண்டன். உடன ஒரு சின்ன வகுப்பே எடுத்தார், செப்பு விரிய வேகம் வேணும், தூரத்தில .308 வேகம் இழந்திடும், .300 நிண்டு பிடிக்கும் எண்டு. சொன்னது அவ்வளவும் உண்மைதான், அதுதான் கொடுமை. பிறகு, "யாக்ட்ஷைன் (வேட்டை லைசன்ஸ்) கொப்பியும் அடையாள அட்டையும் அனுப்புங்கோ, அது இல்லாம நான் ஒரு ஸ்க்ரூவும் அனுப்பமாட்டன்" எண்டார். அந்த இடத்திலதான் எனக்கு மனம் விழுந்தது. இவ்வளவு சட்டம் பாக்கிற மனுசன் ஏமாத்துவானோ? அண்டைக்கே 1480ஐயும் பாங்கால அனுப்பிப்போட்டன்.

பெட்டிக்குள்ள பரல் எண்ணெய் பூசி வடிவா இருந்தது. ஸ்கோப்பைப் பரலில பிடிக்கிற சாடிலை வைச்சன், டக்கெண்டு கவ்விச்சுது. பரலைத் துவக்கில வைச்சா உக்காரேல்லை. திருப்பி வைச்சன், துடைச்சு வைச்சன், இல்லை. பக்கத்து ஊரில துவக்குத் திருத்துற ஒருத்தர் இருக்கிறார், அவர் கையில எடுத்த உடனயே சொல்லிப்போட்டார், இது ஆர்93 பரல். ஆர்93 1993இல வந்தது, ஆர்8 2008இல. ஒரே கம்பனி, சாடில் ரெண்டுக்கும் ஒண்டுதான், ஆனா ஒண்டின்ர பரல் மற்றதுக்குப் போகாது. சரி, ஆர்8 பரலாவே வந்திருந்தாலும் அப்பிடியே போட்டுச் சுட ஏலாது, .308இன்ர அடிப்பக்கம் 12 மில்லிமீட்டர், .300 வின் மேக் அடியில பெல்ட் மாதிரி வளையம் வைச்ச ரவை, 13.5. ரவையின்ர அடியைப் பிடிக்கிற போல்ட் ஹெட்டும் மாத்த வேணும், ரவை போடுற மகசினின்ர உள்துண்டும் மாத்த வேணும். அதைப் பற்றி அந்த மரியாதைக் குரல் ஒரு வசனம் சொல்லேல்லை.

ஃபோன் எடுத்தா இப்ப வேற குரல், பெடியன் ஒருத்தன். "புதுசில இறுக்கமாத்தான் இருக்கும், மெதுவா இறுக்கிப் பாருங்கோ." பாவிச்ச பரல் ராசா இது! அடுத்த முறை, முதலாளி வேட்டைக்குப் போட்டார். அதுக்கடுத்து, உங்கட துவக்கில ஆரோ கை வைச்சிருக்கினம் போல. போல்ட் ஹெட் எங்க எண்டா, நீங்கள் பரல்தானே கேட்டியள். கடைசியா முதலாளி ஆப்பிட்டார். தூரத்தில இருந்து கடையில வாங்கின சாமானை 14 நாளுக்குள்ள திருப்பலாம்தானே எண்டன். "அது எங்கட சாமான் இல்லை, ஒரு வாடிக்கையாளர் வித்துத் தரச் சொல்லித் தந்தது, பில்லைப் பாருங்கோ." பாத்தா, அடியில எறும்பு எழுத்தில கிடக்கு, தனியாருக்காகக் கொமிஷனில விக்கப்பட்டதாம். விளம்பரத்தில கடைப்பேர், காசு போனது கடைக் கணக்குக்கு, 1480 யூரோவும் சுளையா, ஆனா வித்தது கடை இல்லையாம்! அந்தத் தனியார் ஆரெண்டு கேக்க, தகவல் பாதுகாப்பாம். என்ர யாக்ட்ஷைன் கொப்பியை என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கத்தான் ஃபோனை வைச்சது.

இதுக்குள்ள இன்னொரு கூத்து, பரலும் ஆயுதக் கணக்குத்தான். ரெண்டு கிழமைக்குள்ள ஆயுத அலுவலகத்துக்கு அறிவிச்சுப் பதிய வேணும், பிறகு அலுமாரியில பூட்டி வைக்க வேணும். என்ர துவக்கில ஏறாத இரும்புக்கு நான் பதிவுக் காசும் கட்டி இடமும் குடுக்கிறன்.

சரி, அவசரமாச் சொல்லுறன். பரலில வெட்டியிருக்கிற மொடல், ரவைப் பேர், பரிசோதனை முத்திரை எல்லாத்தையும் கிட்டத்தில படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, "பொருந்தும்" எண்ட வாய்ச்சொல் வேண்டாம். வித்தது ஆர் எண்டு காசு போக முதல் எழுத்தில வாங்குங்கோ. .308 வைச்சிருக்கிறவை ரெண்டாவது பரல் எடுக்கிறதெண்டா .30-06, 8x57 ஐஎஸ், 9.3x62 ரவைகளுக்கான பரல் பக்கம் பாருங்கோ, அதே போல்ட் ஹெட் காணும். கொப்பி அனுப்பினா அதுக்கு மேல குறுக்கால கடைப்பேரும் திகதியும் எழுதி அனுப்புங்கோ. மிச்சம் பிறகு.

கடைப்பேரை இன்பொக்ஸில கேக்காதேங்கோ, லோயரைப் பாத்த பிறகு சொல்லுறன். ஆர்93 வைச்சிருக்கிற, லைசன்ஸ் உள்ள ஆருக்கும் .300 பரல் தேவையெண்டா எழுதுங்கோ, 1480 கேக்கமாட்டன்.